செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்காரர்கள்

என் அண்ணிக்குப் பாட வராது. நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம் அவரே முதல் வேலையாக இதைச் சொல்லிவிடுவார். "எனக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாதுங்க. உங்க பிள்ளைக்கு நேரம் ஒதுக்கித் தர்றது மட்டும்தான் என் வேலை. அதுல தப்பு வந்தா வந்து என் காதைத் திருகுங்க." ஒன்பது வருடத்தில் அந்தக் காதைத் திருகும் வாய்ப்பு யாருக்கும் கிடைக்கவில்லை.

எங்கள் கடை இசைக்கருவிக் கடை. சுவர் முழுக்க கிட்டார்கள் தொங்கும், நடுவில் கீபோர்டு வரிசை, மூலையில் வாங்க ஆளில்லாத ஒரு பெரிய டிரம் செட். அப்பா ஆரம்பித்த கடை. கல்லாவில் அப்பா, விற்பனைக்கு அண்ணன். நான் அந்த டிரம் செட்டின் தூசியைத் தட்டப் போய், தூசி போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தவன். இவன் வேறு எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் முடிவான பிறகு டிரம் மாஸ்டராகிவிட்டேன்.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்குச் சீட்டுதான். சினிமாவுக்குப் போனால் படம் ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து எத்தனை சீட்டு காலி என்று எண்ணுவார். படம் எப்படி என்று கேட்டால், "நாப்பத்திரெண்டு காலி" என்பார்.

கடைக்கு வந்த புதிதில் அவர் கண்ணில் பட்டது ஒரு விஷயம். ஆசையாகக் கிட்டார் வாங்கிப் போகிறவர்கள் ஆறு மாதத்தில் அதே பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, "பாதி விலைக்காவது எடுத்துக்கங்க" என்று நிற்பார்கள். அப்பா அதை விதி என்று விட்டுவிட்டார். அண்ணி விடவில்லை.

"மாமா, இவங்களுக்கு வாசிக்கத் தெரியல, அதான் திருப்பிக் கொண்டாறாங்க. பின்னாடி குடோன் சும்மாதானே கெடக்கு? சொல்லிக் கொடுத்தா என்ன?"

"யாரு சொல்லிக் கொடுக்கறது? நீயா?"

"ஐயையோ, நான் எதுக்கு? நான் டிரைவர் இல்ல மாமா, டிக்கெட் போடறவ."

அப்படித்தான் குடோன் நான்கு அறைகளானது. பிளைவுட் பலகைகளை அண்ணன் சல்லிசாக வாங்கிவந்தான். சல்லிசுக்குக் காரணம், அவை ஒரு முழம் குட்டை. ஆகையால் எந்தச் சுவரும் கூரையைத் தொடவில்லை. ஓர் அறையில் தும்மினால் மூன்று அறைகளிலிருந்து ஆறுதல் வரும். ஒன்றாம் அறையில் என் டிரம், இரண்டில் வயலின் சார், மூன்றில் கீபோர்டு டீச்சர், நான்கில் கிட்டார் மாஸ்டர்.

சட்டம் எல்லாம் பஸ் கம்பெனிச் சட்டம். வாரத்தில் ஓர் அரைமணி, அது உங்கள் சீட்டு. மாதப் பணம் முன்கூட்டியே. வந்தாலும் வராவிட்டாலும் வண்டி கிளம்பிவிடும். "போன வாரம் காய்ச்சல், அந்தக் கிளாஸை இந்த வாரம் சேர்த்துக் கொடுங்க" என்று யாராவது கேட்டால் அண்ணி உண்மையிலேயே வருத்தப்பட்டு, "போன வாரம் போன பஸ்ஸுல இந்த வாரம் எப்படிங்க ஏத்தறது?" என்பார். கேட்டவருக்கே தான் கேட்டது அசட்டுத்தனமாகத் தோன்றும்.

பெற்றோர் காத்திருக்க ஒரு பெஞ்சு போட்டார். அண்ணன் அதைக் கிட்டார்களைப் பார்த்தபடி போடச் சொன்னான். அண்ணி அதைத் திருப்பி, நோட்டு வைக்கும் ஸ்டாண்டுகள், தந்திகள், பைகள், டிரம் குச்சிகள் இருக்கும் அலமாரியைப் பார்த்துப் போட்டார். "கிட்டாரை ஒரு தடவைதாங்க வாங்குவாங்க. தந்தியை மாசாமாசம் அறுப்பாங்க." அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதன் எதையாவது எடுத்துப் பார்ப்பான், எடுத்துப் பார்த்ததைத் திரும்ப வைக்க வெட்கப்படுவான். அந்த வெட்கத்தில் எங்கள் குடும்பம் நன்றாகவே சாப்பிட்டது.

பிள்ளைகள் பதினோராவது வாரத்தில் அடம்பிடித்து நின்றுவிடுவார்கள் என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். எனவே பத்தாவது வாரமே புதுப் பாட்டு ஆரம்பிக்க வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. அப்படியும் கிட்டார் வகுப்பில் ஒரு பெண் நின்றுவிட்டாள். பல் டாக்டரின் மகள். விலகிக்கொள்கிறோம் என்று சொல்ல வந்த டாக்டரிடம் அண்ணி, "மாசக் கடைசி வரைக்கும் சீட்டு உங்களுது சார். காலியா ஓடுது. பாக்கவே மனசு கேக்கல. நீங்க உக்காருங்களேன்" என்றார். டாக்டர் உட்கார்ந்தார். மூன்று வருடமாகிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த தெருவில் டியூஷன் எடுக்கும் கணக்கு டீச்சர் வந்தது சண்டைக்கு. உங்கள் டிரம் சத்தத்தில் பெருக்கல் நடத்த முடியவில்லை, போலீசுக்குப் போவேன் என்று குதித்தார். அண்ணி அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, கையில் இரண்டு குச்சிகளையும் கொடுத்து, "ஒரே ஒரு தடவை அடிச்சுப் பாத்துட்டுப் போலீசுக்குப் போங்க டீச்சர்" என்றார். டீச்சர் அடித்தார். பிறகு போலீஸ் பேச்சே இல்லை. ஊரில் உள்ள எல்லா மக்குப் பிள்ளைகளின் முகமும் அந்த டிரம் தோலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இருவரும், வயலினுக்கு வரும் கண்ணாடிப் பையனும், கீபோர்டுக்கு வரும் ரெட்டை ஜடைப் பெண்ணும்தான் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்காரர்கள். மூன்று வருடமாக ஒரு சீட்டும் காலியாகாத ஒரே வண்டி அது. அண்ணி அவர்களைப் பற்றிப் பேசும்போது குரலே குழையும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சரக்கு வைக்க இடம் வேண்டும். எங்கள் நான்கு அறைகளையும் இடித்துக் குடோனாகக் கொடுத்தால் ஒரு வருட வாடகையை மொத்தமாகத் தருவாராம். அப்பா அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்து, கடையில் விற்கிற கிட்டாரை விட வகுப்பில் வருகிற வருமானம் அதிகம் என்று பக்கம் பக்கமாகக் காட்டினார்.

அப்பா நோட்டை மெதுவாக மூடினார். "லாபம் வரலைன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. லாபம் வருதுங்கறதுதான் எனக்கு உறுத்துது. ஒன்பது வருஷமா இந்தக் கல்லாவுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். பின்னாடி இருந்து சத்தம் வருது. ஆனா ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முழுசா என் காதுல விழுந்ததில்ல. காசை வாங்கிக்கிட்டு ஒண்ணும் சொல்லித் தராம அனுப்பறோமோன்னு இருக்கு. அந்தப் பொழப்பு நமக்கு வேண்டாம்மா."

அண்ணி நோட்டைத் திரும்ப எடுத்து மார்போடு வைத்துக்கொண்டார். எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்கள் எல்லோரும் அப்பா போட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒன்றுமில்லாத இடத்தில் தானாக ஒன்றை உண்டாக்கியவர் அண்ணி மட்டும்தான். அதைக் குட்டைப் பலகையில் உண்டாக்கினார் என்றாலும் உண்டாக்கினார். அது போய்விட்டால் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ரசீது கிழித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

"என் பசங்களுக்கு வாசிக்கத் தெரியும் மாமா" என்றார் கடைசியில். குரல் எழும்பவில்லை.

"அப்படின்னா கேக்க வை. வர்ற ஞாயித்துக்கிழமை, இங்கேயே, எல்லார் முன்னாடியும். ஒருத்தர் ஒரு பாட்டை நிறுத்தாம முழுசா வாசிச்சாப் போதும். ரூம் உன்னோடது. இல்லன்னா குடோன்."

"செவ்வாய் அஞ்சு மணிக்காரங்களைக் கூட்டிட்டு வரேன்" என்றார் அண்ணி. "நாலு பேரு இருக்காங்க. ஒருத்தர் கூடவா வாசிக்க மாட்டாங்க?"

"மூணு பேரு. டிரம் கணக்குல வராது. அது பாட்டு இல்ல, அது இடி" என்றார் அப்பா. நான் அதைக் கேட்காதவனாக இருந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடைக்குள் கீபோர்டுகளை ஒதுக்கி முப்பது நாற்காலி போட்டோம். பெற்றோர், உறவினர், பல் டாக்டரின் மனைவி, டாக்டரிடம் பல் பிடுங்கிக்கொண்ட இரண்டு பேர் என்று கூட்டம் நிறைந்தது. செருப்புக் கடைக்காரர் அளவெடுக்கும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் காலை மிதிக்க வேண்டும் என்று இருந்தது.

முதலில் கண்ணாடிப் பையன். வயலினைத் தோளில் வைத்தான், வில்லை எடுத்தான், அப்படியே நின்றான். ஒரு நிமிடம் போனது.

"ஆரம்பிப்பா" என்றார் வயலின் சார்.

"மிஸ் இன்னும் ஆரம்பிக்கலையே?"

"எந்த மிஸ்?"

"பக்கத்து ரூம் மிஸ். அவங்க டம் டம்னு நாலு தடவை அடிச்சப்புறம்தானே நான் வாசிக்கணும்?"

சார் கெஞ்சினார், பையன் வாசித்தான். இரண்டு வரி தறிகெட்டு ஓடினான், மூன்றாவது வரியில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் நின்று, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்தது ரெட்டை ஜடை. அழகாக ஆரம்பித்தாள். அண்ணியின் முகத்தில் ரத்தம் திரும்பியது. சரியாகப் பாட்டின் பாதியில் அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தோம்.

"ஏன் பாப்பா நிறுத்திட்ட?" என்று அப்பா கேட்டார்.

"டிரம் மாஸ்டர் டீ குடிக்கப் போயிருக்காரு. வந்ததும் மீதி வாசிப்பேன்."

முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. என் கையில் டீ இருந்தது. அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். உண்மைதான், மூன்று வருடமாக ஐந்து பன்னிரண்டுக்கு நான் டீக்குக் கிளம்பிவிடுவேன். டிரம் நிற்கும். டிரம் நின்றால் அந்தப் பெண் நிற்பாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கடைசி நம்பிக்கை பல் டாக்டர். ஐம்பது வயது மனிதர், ஊரே வாய் திறந்து காட்டும் ஆள், சொதப்ப மாட்டார் என்று நினைத்தோம். முதல் பாகத்தை ஒழுங்காக வாசித்து முடித்தார். பிறகு கிட்டாரிலிருந்து கையை எடுத்து இடது பக்கம் தட்டினார். அங்கே காற்றுதான் இருந்தது. நாற்காலியை நகர்த்திப் போய் கண்ணாடி அலமாரியைத் தட்டினார். அப்பா, "ஐயோ கண்ணாடி!" என்று எழுந்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் டாக்டர், வியர்த்துப்போய். "இந்த இடத்துல நான் பலகையைத் தட்டுவேன். கீபோர்டு சத்தத்தைக் கொறைப்பாங்க. அப்பத்தான் எனக்கு ரெண்டாம் பாகம் ஞாபகத்துக்கு வரும்." தட்ட இடமில்லாமல் இரண்டாம் பாகம் வரவே இல்லை. அவருடைய மனைவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

செருப்புக் கடைக்காரர் எழுந்து டேப்பை இழுத்தார். அப்பா அண்ணியைப் பார்க்காமல், "சரிம்மா, விடு" என்றார். அது வெற்றி பெற்றவர் குரல் இல்லை, பாவம் அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எதையோ எண்ணினார். சட்டென்று நிமிர்ந்தார்.

"மாமா, ஒரு பாட்டு முழுசான்னுதானே சொன்னீங்க? எந்த இடத்துலன்னு சொல்லலையே?"

"எந்த இடத்துலன்னா?"

அண்ணி நோட்டைப் பிரித்தார். பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடும் குரல் அவருக்கு உள்ளே எங்கோ இத்தனை நாள் இருந்திருக்கிறது. "செவ்வாய் அஞ்சு மணி! ஒண்ணாம் ரூம் கணக்கு டீச்சர்! ரெண்டு கண்ணாடி! மூணு ரெட்டை ஜடை! நாலு டாக்டர்! ஏறுங்க, ஏறுங்க, கதவைச் சாத்துங்க! மத்தவங்க எல்லாம் நாற்காலியைத் தூக்கிட்டுப் பின்னாடி வாங்க!"

நான்கு பேரும் அவரவர் அறைக்கு ஓடினார்கள். நானும் என் அறைக்குப் போனேன். கணக்கு டீச்சர் குச்சிகளோடு தயாராக இருந்தார். கதவைத் திறந்து அண்ணி தலையை மட்டும் நீட்டினார். "தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். இன்னிக்கு மட்டும் டீக்குப் போயிடாதீங்க." அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

கதவை மூடிவிட்டு அவர் வெளியே வழக்கமாகச் செய்வதுபோல் மர ஸ்கேலால் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். டீச்சர் டம் டம் டம் டம் என்று நான்கு அடித்தார். அவ்வளவுதான், பலகைக்கு அந்தப் பக்கம் வயலின் புறப்பட்டது. அதற்கு அந்தப் பக்கம் கீபோர்டு. கடைசியில் கிட்டார். நான்கு பேரும் நான்கு வேறு பாட்டு. மொத்தமாகக் கேட்டால் பாத்திரக் கடையில் சண்டை. ஆனால் ஒருவரும் தடுமாறவில்லை.

பாதி வந்தது. என் கால்கள் என்னைக் கேட்காமல் எழுந்தன. மூன்று வருடப் பழக்கம், நான் என்ன செய்வேன்? டீச்சர் அடிப்பதை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். காப்பி அடிக்கிற பையனைப் பார்க்கிற பார்வை. நான் உட்கார்ந்தேன். மூன்றாம் அறையில் கீபோர்டு ஒரு நொடி தயங்கியது. டிரம் நிற்கவில்லையே, என்ன செய்வது என்று அந்தக் குழந்தை யோசித்திருக்க வேண்டும். பிறகு கீபோர்டு தொடர்ந்தது. உடனே டொக் டொக் என்று டாக்டர் பலகையைத் தட்டினார், கீபோர்டு சத்தம் தணிந்தது, அவருக்கு இரண்டாம் பாகம் ஞாபகம் வந்துவிட்டது.

வெளியே நடந்ததை அண்ணன் பிறகு சொன்னான். பெற்றோர் அவரவர் பிள்ளையின் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்களாம். டாக்டரின் மனைவி நான்காம் கதவில். அப்பா இரண்டாம் கதவில் காதை ஒட்டினார். பிறகு மூன்றாம் கதவு, பிறகு நான்கு, மறுபடி இரண்டு. கதவில் காதை வைத்தால் அந்த அறையின் பாட்டு மட்டும் முன்னால் வந்து நிற்குமாம், மற்றதெல்லாம் பின்னால் போய்விடுமாம். ஒன்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்து நான்கையும் சேர்த்துக் கேட்ட மனிதர், அன்றுதான் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

டாக்டர் முதலில் முடித்தார். பிறகு ரெட்டை ஜடை. கடைசியாகக் கண்ணாடிப் பையன் நீளமாக ஒரு இழு இழுத்து நிறுத்தினான். நாங்கள் வெளியே வந்தபோது அப்பா மூன்று விரலைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு கேட்டேன். மூணு வந்துச்சு. மூணும் முழுசா வந்துச்சு."

"நாலு சார்" என்றார் கணக்கு டீச்சர், நெற்றியைத் துடைத்தபடி. "எண்ணிக்கையில தப்பு விடக்கூடாது."

"சரிங்க டீச்சர், நாலு" என்றார் அப்பா. பிறகு அண்ணியைப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "ஆனா ரூமை விட்டு வெளிய வந்தா ஒருத்தருக்கும் வாசிக்க வரலையேம்மா?"

"வெளிய வந்து வாசிக்கறது தனிக் கிளாஸ் மாமா" என்றார் அண்ணி, யோசிக்காமல். "அதுக்குத் தனிச் சீட்டு."

கூட்டத்தில் அப்போதே ஆறு பேர் கை தூக்கினார்கள். டாக்டரின் மனைவி இரண்டு கையையும் தூக்கினார்.

அப்பா செருப்புக் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இடம் இல்லீங்க. என் மருமக இங்க பாட்டுச் சொல்லித் தர்றா." பாடவே வராத அண்ணியைப் பற்றி அப்படிச் சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். பாதியில் பேனாவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அழுகைச் சத்தம் வந்தது. வாய்விட்டு, விக்கி விக்கி அழுதார். அவருக்கு அந்தப் பலகையைப் பற்றி எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும், ஆனாலும் அழுதார். முப்பது பேரும் கேட்டார்கள். அண்ணன் பேனாவோடு அப்படியே நின்றான்.

எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. ஒன்றாம் அறைக்குள் போய், குச்சிகளை எடுத்து, என்னால் முடிந்த மட்டும் பலமாக டிரம்மை அடித்தேன். வெளியே யாருக்கும் அவர் அழுவது கேட்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகையில் அண்ணி கையால் தட்டும் சத்தம் கேட்டது.

"போதும் தம்பி, போய் டீ குடிங்க" என்றார் மூக்கை உறிஞ்சியபடி.

குரலில் இன்னும் அழுகை இருந்தது. நான் நிறுத்தவில்லை.